எந்த ஆறு?

அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கலக்கம்தான். மரியாதையால் வருகிற கலக்கம் இல்லை. வாயைத் திறந்து ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற கலக்கம். எனக்குப் பொதுவாகவே பயம் கூட. தொட்டியில் ஒரு சொட்டு கசிந்தால் கண்ணாடி மொத்தமும் பிளந்துவிடும் என்று நினைப்பேன். கரண்டு போனால் இனி வரவே வராது என்று நினைப்பேன். இப்படிப்பட்டவன் கொடைக்கானலில் மீன் கடை வைத்திருக்கவே கூடாது. வறுக்கிற மீன் என்றால்கூடப் பரவாயில்லை, செத்ததை விற்றுக்கொள்ளலாம். நான் வைத்திருப்பது வளர்க்கிற மீன். அதுவும் நாயுடுபுரத்தில், அந்த அம்மா குடியிருந்த மேட்டு வீட்டுக்கு நேர் கீழே.

அவர் வாயில் எந்நேரமும் இருந்த கேள்வி ஒன்றுதான்: "எந்த ஆறு?"

மீனைப் பார்த்தாலும் அதே கேள்வி. பூண்டைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே கேள்வி. சந்தையில் பூம்பாறையிலிருந்து வந்து பூண்டு விற்கிற ஒரு பெண், அந்த அம்மா வருகிற திசையைப் பார்த்ததும் சாக்கை இழுத்து முன்னால் மூடிக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன்.

"எந்த ஊருப் பூண்டு?"

"பூம்பாறைதான்க்கா. இன்னைக்கு வெள்ளனே பஸ்ல ஏத்துனது."

அந்த அம்மா சாக்குக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பல்லைப் பிரித்து மூக்கில் வைத்தார். "இது பூம்பாறை. இந்தா, இது கீழ இருந்து வந்தது. ரெண்டும் ஒரே சாக்குல எப்பிடிக் கெடக்கு?"

"ஏக்கா, நீங்க பூண்டு வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்த முகமே இல்லை அது. ஆள் குட்டை, ஆண்கள் போடுகிற பழுப்பு நிற மப்ளர் ஒன்றைக் கோடையிலும் கழுத்தில் சுற்றியிருப்பார், நடந்தால் குதிகால் தரையில் படாது. பூண்டு வாங்காமலே போனார். ரசத்துக்குக்கூடச் சுத்த ரத்தம் தேடுகிற ஆள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். 'ஆத்துக்காரம்மா' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. நேரில் எனக்கும் அக்காதான். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திட்டு விழும் என்று பயந்து அக்கா என்றேன். அக்கா என்றதற்கும் திட்டு விழுந்தது.

அவர் வளர்த்தது குள்ள சிக்லிட். வெளிநாட்டு மீன். தென்னமெரிக்கப் பக்கத்து ஆறுகளில் இருப்பது, சுண்டுவிரல் நீளம்தான் வரும். ஆற்றுக்கு ஒரு இனம், ஓடைக்கு ஒரு சாயல். அவற்றுக்கு லத்தீனில் பெயர் உண்டு. அந்த அம்மா அந்தப் பெயர்களைச் சொல்லும்போது வாயில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போலிருக்கும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்கு அது ஓடாது. என் மாதிரி ஆட்களுக்காக அவரே தமிழில் இரண்டு பெயர் வைத்திருந்தார். ஒன்று வேட்டிக்கரை. அந்த ஆண் மீனின் வாலில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடும், வேட்டிக் கரை போல. இன்னொன்று முந்தி. அதற்குச் சிவப்பு வாலின் ஓரம் முழுக்கச் சுற்றி வரும், சேலை முந்தானை போல. இவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் ஆண்களுக்கு. பெண் மீன்கள் இரண்டு இனத்திலும் ஒரே அச்சு: மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. பெற்ற தாயே குழம்புவாள்.

அதனால்தான் தொல்லை. இரண்டு இனத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் ஆண் எது என்று பார்க்காமல் கிடைத்த பெண்ணோடு சேர்ந்துகொள்ளும். பிறக்கிற குஞ்சு இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல் போகும். அந்தக் குஞ்சை ஒருவன் வாங்கித் தன் நல்ல மீனோடு சேர்த்தால் அதுவும் போகும். இப்படியே போனால் ஓர் இனம் இந்த நாட்டுத் தொட்டிகளில் இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோகும் என்பார். அழிந்தால் என்ன, ஆற்றில் இருக்கத்தானே செய்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வதோடு சரி.

ஒரு நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக் கொண்டிருந்தபோதே உள்ளே குனிந்து நுழைந்துவிட்டார்.

"ஏலே, இது என்ன, கூட்டாஞ்சோறா?"

இரண்டு இனத்தையும் நான் ஒரே தொட்டியில் போட்டிருந்தேன். கடையில் இடம் இல்லை. அடியில் பொடிக் குஞ்சுகள் திரிந்தன.

"இடம் இல்லைங்கக்கா. அடுத்த வாரம் பிரிச்சிருவேன்."

"இந்தக் குஞ்சு எது பெத்தது?"

"அந்தா, அந்த மூலையில நிக்கிற பொட்டை."

"அப்பன் யாரு?"

நான் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே இருந்த ஆண்கள் எல்லாம் என்னைப் போலவே முழித்தன.

"தெரியலைங்கக்கா."

"அப்பன் தெரியாததுக்கு என்ன பேரு சொல்லி விப்ப?"

"வாங்க வாறவங்க எதைக் கேக்குறாங்களோ, அதைச் சொல்லி..."

அதற்கு மேல் பேச விடவில்லை. ஆணியில் தொங்கிய வலையை எடுத்தார், குஞ்சுகளை வாரினார், பக்கத்துத் தொட்டியில் இருந்த ஆஸ்கருக்கு முன்னால் கவிழ்த்தார். ஆஸ்கரும் சிக்லிட் வகைதான், ஆனால் உள்ளங்கையைவிடப் பெரிது, வாய்க்குள் போவதெல்லாம் அதற்கு இரை. வாயைத் திறந்தது, மூடியது. முடிந்தது.

"பேரு இல்லாததுக்கு இதுதான் எடம்" என்று சொல்லி வலையை அலசி, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். அந்த ஒழுங்குதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலை செய்கிறவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போவது போல. அதற்குப் பிறகு ஆஸ்கர் அவரைக் கண்டால் மேலே வந்து வாயைத் திறக்கும். தினமும் இரை போட்டு வளர்க்கிறவன் நான். அது எதிர்பார்த்து நின்றது அவரை.

இவ்வளவு சுத்தம் பேசிய அந்த அம்மாவின் கதை ஊருக்கே தெரியும். பழனியில் அடிவாரத்துக் குடும்பம். மலைக்கு வருகிற யாத்ரீகர்களுக்கு அறை விடுகிறவர்கள், கோயில் மரியாதை உள்ளவர்கள். இவர் கட்டிக்கொண்டது சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்துப் பையனை. வேறு சாதி. வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். இரண்டு பேரும் மலை ஏறி இங்கே வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், பேச ஆளில்லாமல் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். அந்த மனிதர் சோலியாகச் சென்னைக்குப் போனவர், கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு ஜோடி முந்தி வாங்கி, காப்பி பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, மடியில் வைத்தபடியே ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவந்து கொடுத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் இறந்துபோனார். அந்த ஜோடியும் போயிற்று. அவற்றின் வம்சம் மட்டும் தொட்டியில் இருந்தது. பிளாஸ்க் தொட்டிக்கு மேல் தட்டில் இருந்தது. அதில் காப்பி ஊற்றி நான் பார்த்ததில்லை. கழுத்து மப்ளரும் அந்த மனிதருடையதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஒரு தடவை நான் அவர் வீட்டில் காற்று மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தபோது பழனியிலிருந்து தாய்மாமன் வந்தார். வருசக் கணக்காகப் பேசாமல் இருந்தவர், வயதானதும் மனது இளகி, கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்திருந்தார். முன்னறை முழுக்கத் தொட்டி. தொட்டிக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு குழாய், தொட்டிக்கு ஒரு துண்டு. ஒன்றுக்குள் விட்ட வலை இன்னொன்றில் படக் கூடாது. பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"அடி கிறுக்கி, அடிவாரத்துல வேணாம்னு ஒதறிட்டு வந்த சாதிய இங்க கண்ணாடிக்குள்ள வச்சு வளத்துக்கிட்டு இருக்க."

நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். சண்டை என்றால் எனக்கு ஆகாது. ஆனால் அந்த அம்மா நிதானமாகத்தான் சொன்னார்.

"மாமா, மனுசங்க அம்புட்டுப் பேரும் ஒரே இனம். எவன் எவளக் கட்டுனாலும் பொறக்குறது மனுசன்தான். நீங்க பிரிச்சு வச்சது பொய்யி. மீனுல பிரிச்சது நெசம். அது அந்தந்த ஆறு பிரிச்சது."

அப்போது மகள் காப்பித் தட்டோடு வந்தாள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. பெரியவர் காப்பியை எடுத்துக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்து, "அப்ப இந்தப் பிள்ளைய எதுல சேக்குறது? நம்மளா, அவகளா?" என்றார்.

"எந்த ஊருன்னு கேளுங்க மாமா. நாயுடுபுரத்துப் பிள்ளை."

"பெரியப்பா, காப்பி ஆறுது" என்றாள் மகள்.

"பெரியப்பா இல்லத்தா, தாத்தா முறை."

"பாத்தீங்களா, மொறைய நீங்களே சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பெரியவர் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனிதருக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயம் என்று இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டிருக்கிற ஆளோடு எப்படிப் பழகுவது? எது எப்போது வெளியே வரும் என்று யார் கண்டது?

பிறகு அந்தப் புயல் வந்தது. கீழே கடற்கரையில் அடித்த புயலின் வால் எங்கள் மலைமேல் புரண்டது. மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, வடகவுஞ்சிப் பக்கம் கம்பம் கம்பமாக விழுந்துவிட்டது என்றார்கள். கரண்டு வருகிற வழியாகத் தெரியவில்லை. தொட்டிக்குள் இருக்கிற ஹீட்டர் எல்லாம் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. என் கடையில் பாதி மீன் மிதந்தது. அழுதுகொண்டே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அங்கே மட்டும் ஹீட்டர் ஓடுமென்று நினைத்தேனா என்ன, தெரியாது. பயத்தில் ஆள் தேடுகிற வழக்கம்.

அவர் பெரிய மீன்களின் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பாட்டில்களை உள்ளே நிறுத்தியிருந்தார். குஞ்சுகளுக்கு அது போதாது. வீட்டில் சூடு இருந்தது அடுப்படியில் மட்டும்தான், விறகடுப்பு ஒன்றுதான், அதன் ஓரத்தில் வைக்க இடம் ஒரு பாத்திரத்துக்குத்தான். பொங்கல் அண்டாவை எடுத்து வைத்து, வேட்டிக்கரைக் குஞ்சுகளையும் முந்திக் குஞ்சுகளையும் அதற்குள் கொண்டுவந்து விட்டார். ஆமாம், ஒன்றாக. கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, ரெண்டும் கலந்துருமேங்க்கா."

"குஞ்சுதானடா, இந்த வயசுல என்ன கல்யாணமா நடக்கப் போகுது? கரண்டு வந்ததும் பிரிச்சிருவேன்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. எப்பிடிப் பிரிப்பீங்க?"

"உனக்கு ஒரே மாதிரி. எனக்கு மொகம் தெரியும்" என்றார். இப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்டாவுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டு வந்தது. உட்கார்ந்து பிரித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, "நீ இங்கிட்டு, நீ அங்கிட்டு" என்று ராணி மாதிரி தீர்ப்புச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். எனக்கு என்ன தெரியும்?

அந்தக் குஞ்சுகள் வளர்ந்தன. இரண்டு தொட்டியிலும் அத்தனையும் பெண். முந்தித் தொட்டியில் குளிருக்குத் தப்பிய பெரிய மீன் ஓர் ஆண்தான், கிழடு. அது அந்தப் பெண்களோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சுகளும் வளர்ந்தன. அதுவும் அத்தனையும் பெண். இதில் அந்த அம்மாவுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது பாருங்கள், தாங்க முடியாது. "என் கைராசி அப்பிடிலே. என் கைக்குப் பொம்பளைப் பிள்ளையாத்தான் பொறக்கும்." பக்கத்து வீட்டில் மருமகள் உண்டாகியிருந்தாள். அந்த வீட்டு அம்மா, "அக்கா, பேறுகாலம் முடியிற வரைக்கும் நீங்க எங்க வாசப்பக்கம் வெரசா நடந்து போயிருங்க, நின்னுறாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தார். இவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். பாசமான ஆள், நல்ல சட்டை. குள்ள சிக்லிட்டில் பழகினவர். முந்தி பெண் வேண்டும் என்றார். மேலே கூட்டிப் போனேன்.

"வீட்டுல ஆண் இருக்கா?"

"இருக்குதுங்கம்மா."

"எந்த ஆறு?"

அவர் ஒரு கணம் யோசித்து, "வைகைங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா முறைத்தார். "வைகையில தண்ணியே கெடையாது. மீனு எங்கிட்டிருந்து வந்துச்சு? போனுல படம் இருந்தா காட்டுங்க." அவர் காட்டினார். வாலில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"இது வேட்டிக்கரை. இதுக்கு என் முந்தியத் தர மாட்டேன்."

"தனித் தொட்டியில வைக்கிறேம்மா."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாக. ஆணும் பொண்ணும் சேத்து ஜோடியாத்தான் தருவேன். இப்ப இருக்கிறது கிழட்டு ஆண் ஒண்ணுதான்."

மதுரைக்காரர் கோபப்படவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டார். "ஏம்மா, தண்ணி இப்பிடி ஜில்லுனு கெடக்கே. ஹீட்டரு எம்புட்டுல வச்சிருக்கீங்க?"

"மலையில பொறந்த மீனு. குளுரு தாங்கணும்ல."

"அது தாங்கும். ஆனா இந்த மீனுல முட்டை பொரிச்ச புதுசுல தண்ணி குளுந்துச்சுன்னா குஞ்சு பொட்டையாப் போகும். சூடு இருந்தாத்தான் ஆண் வரும். வளக்குற எல்லாருக்கும் தெரியுமே."

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? கைராசி முழுக்கக் கொடைக்கானல் குளிர். மூக்கு நுனி சிவந்தது, அவ்வளவுதான். ஹீட்டரின் திருகைக் கூட்டி வைத்துவிட்டு, "ஆண் வரட்டும். ஜோடியாத் தாறேன். வந்து வாங்கிக்கங்க" என்றார். அவர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

கிழடு சாகிறதுக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை குஞ்சு பொரித்தது, சூடு கூட்டிய பிறகு பிறந்த அவற்றில் ஆண்கள் வந்தன. வாலில் சிவப்பு ஏறுகிற பருவம் வந்ததும் ஒரு காலையில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. போனேன். முந்தித் தொட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாலைப் பாரு."

பார்த்தேன். சில ஆண்களுக்கு முந்தானை சுத்தமாகச் சுற்றி வந்திருந்தது. சிலவற்றுக்குச் சிவப்பு மேலே கிளம்பி, வாலின் நுனியில் திரும்பப் பார்த்து, பாதியில் அறுந்து நின்றது. கீழே தனியாக ஒரு துண்டு. கரை நெய்யத் தெரியாதவன் தறியில் உட்கார்ந்தது போல.

"அண்டா" என்றார். அந்த ஒரு சொல்தான்.

எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. முகம் தெரியும் என்று பிரித்தாரே, தெரியவில்லை. அன்றைக்கே முந்திப் பக்கம் வேட்டிக்கரைப் பெண்கள் போய்விட்டன. கிழட்டு ஆண் கிடைத்ததோடு சேர்ந்துவிட்டது. எல்லாம் பெண்ணாகவே பிறந்ததால் இரண்டு தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் போயிற்று.

"முந்தானை முழுசா இருக்கிறது இருக்கேக்கா. அதை மட்டும் எடுத்துக்கலாமே."

"அதுவும் இதுகளோட கூடப் பொறந்ததுதான். வாலு தப்பிச்சிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?"

"அப்ப முந்தி?"

அவர் மேல் தட்டைப் பார்த்தார். பிளாஸ்க் அங்கேதான் இருந்தது. பிறகு எழுந்து தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டார்.

மதுரைக்காரர் சொன்னபடி வந்தார். இத்தனை தூரம் மலை ஏறி வந்த மனிதருக்கு அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விசயத்தை முதலில் சொன்னார். அவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். அதிலே முந்தானை முழுசாக இருந்த ஓர் ஆணைக் காட்டி, "இதையும் ஒரு பெண்ணையும் குடுங்கம்மா, போதும்" என்றார்.

"முந்தி இல்லைன்னு சொல்றேன்ல."

"பாத்தா முந்திதான். நான் முந்தின்னே வச்சுக்கிறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"நீங்க வச்சுக்கிருவீங்க. உங்ககிட்ட வாங்குறவன் அவன்கிட்ட இருக்கிற நெசமான முந்தியோட சேப்பான். அங்கிட்டும் போயிரும். மீனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதுல்ல."

"வாக்குக் குடுத்தீங்களேம்மா."

"குடுத்தது முந்திக்கு. அது இப்ப என்கிட்ட இல்லை. உங்களுக்குக் குடுத்த வாக்குல நான் தவறிட்டேன். போயிட்டு வாங்க."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கலந்துபோன மீனை வைத்துக்கொண்டு இந்தத் திமிர் ஒருத்திக்கு ஆகுமா? மன்னிப்புக் கேட்டதுகூட ஏதோ கடன் கேட்டவனை விரட்டுவது மாதிரி.

உண்மையைச் சொல்லப்போனால், அதற்குப் பிறகு நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். பேர் இல்லாததற்கு எது இடம் என்று என் கடையில் வந்து தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். இப்போது அவர் தொட்டி நிறையப் பேர் இல்லாதது நீந்துகிறது. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். கெட்ட எண்ணம்தான். இருந்தாலும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் மேட்டுப் பக்கம் ஒரு பார்வை போகும்.

வந்தார். வாளியோடு. மேலே ஈரத்துண்டு போட்டு மூடியிருந்தது. நேரே உள்ளே வந்து ஆஸ்கர் தொட்டிக்கு முன்னால் நின்றார். அது அவரை அடையாளம் கண்டு மேலே வந்து வாயைத் திறந்தது. நான் வலையை எடுத்து நீட்டினேன். அதே வலை.

அவர் வாங்கினார். துண்டை விலக்கினார். வாளிக்குள் மஞ்சளும் சிவப்புமாக ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. வலையை உள்ளே விட்டு ஓர் ஆணை எடுத்தார். அந்த அறுந்த கரைக்காரன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஆஸ்கருக்கு மேலே பிடித்தார். மீன் வலைக்குள் துள்ளியது. ஆஸ்கர் வாயை மூடித் திறந்தது. அவர் கை இறங்கவில்லை. அது எந்தப் பக்கம் போனாலும் என்னால் பார்க்க முடியாது போலிருந்தது.

வலையை வாளிக்கே திருப்பினார்.

"இதுகள்ல பாதி அவரு கொண்டாந்ததுலே" என்றார். "எது பாதின்னுதான் தெரியலை."

மப்ளர் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு, கடையைச் சுற்றிப் பார்த்து, "ஒரு தொட்டிய ஒழிச்சுக் குடு. இதுகள மட்டும் தனியா விடணும். முந்தி கேட்டு வாறவனுக்கும் வேட்டிக்கரை கேட்டு வாறவனுக்கும் இதக் குடுக்கக் கூடாது. சும்மா அழகுக்கு வளக்குறேன்னு வாறவனுக்குக் குடு" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருசத்துப் பயம் எல்லாம் சேர்ந்து தைரியமாகிவிட்டதோ என்னவோ.

"என் குஞ்சுங்கள மட்டும் இதே ஆஸ்கருக்குத்தானக்கா போட்டீங்க."

அவர் ஆஸ்கரைப் பார்த்தார். "போட்டேன்" என்றார்.

"அதுக்கும் அப்பன் தெரியலை. இதுக்கும் அம்மா தெரியலை."

"ஆமா."

"அப்ப அது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லை" என்றார். அவ்வளவுதான். தப்பு என்று சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. பூண்டு பல்லை எண்ணி வைப்பது போல இரண்டே சொல்லை வைத்துவிட்டு நின்றார். ஊரார் வீட்டுக் கலப்பு ஆஸ்கர் வாய்க்கு, தன் வீட்டுக் கலப்புக்குத் தனித் தொட்டி. இதுதான் அந்த அம்மாவின் சுத்தம். இன்றைக்கும் நான் யாரிடம் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

ஒரு தொட்டியை ஒழித்தேன். அவரே விட்டார், ஒவ்வொன்றாக. என் கடையில் எல்லாத் தொட்டிக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பேருங்கக்கா எழுதட்டும்?"

யோசித்தார். லத்தீன் வரவில்லை. முந்தியும் இல்லை, வேட்டிக்கரையும் இல்லை. இத்தனை காலம் அவர் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை அன்றைக்கு நான்தான் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"எந்த ஆறு?"

அந்த அம்மா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"நாயுடுபுரம்னு எழுது."

எழுதினேன். என் எழுத்து எப்போதும் கோணல், அன்றைக்கு இன்னும் கோணல். அவர் மேட்டில் ஏறி மறைகிறவரை ஆஸ்கர் கண்ணாடி ஓரத்தில் வாயைத் திறந்தபடியே நின்றது. பிறகு நான்தான் அதற்கு இரை போட்டேன்.